அம்மாவுக்கும் 'ஜவ்வு', தம்பிக்கும் 'ஜவ்வு': இரண்டும் ஒரே வியாதியா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 54 வயது, எடை 78 கிலோ, காசிமேட்டில் மீன் வியாபாரம். ஒரு வருடமாக இரண்டு முழங்காலும் வலி, மடக்கி நீட்டினால் நறநறவென்று சத்தம். எக்ஸ்ரே பார்த்தவர்கள் "ஜவ்வு தேஞ்சிடுச்சு" என்றார்கள். தம்பிக்கு 19 வயது. வியாசர்பாடியில் பந்து ஆடும்போது முழங்கால் திருகிக்கொண்டது. "ஜவ்வு கிழிஞ்சிடுச்சு" என்கிறார்கள். இது குடும்ப வியாதியா, எண்ணெய் போட்டுத் தேய்க்கலாமா, புத்தூர் கட்டு போடலாமா?

இரண்டும் வேறு வேறு. குழப்பத்துக்குக் காரணம் 'ஜவ்வு' என்ற சொல்தான். நம்மூரில் குறைந்தது நான்கு பொருளுக்கு இந்த ஒரே பெயரை வைத்திருக்கிறோம். எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்பும் ஜவ்வு, முழங்காலுக்குள் இருக்கும் மெனிஸ்கஸ் வளையமும் ஜவ்வு, எலும்பையும் எலும்பையும் கட்டியிருக்கும் லிகமென்டும் ஜவ்வு, முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் டிஸ்க்கும் ஜவ்வு. டாக்டரும் நேரமில்லாமல் அதே சொல்லைச் சொல்லி அனுப்பிவிடுகிறார். ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த ஜவ்வு?"

புத்தகப் படத்தைவிடக் கறிக்கடையில் இது நன்றாகப் புரியும். ஆட்டின் தொடையும் கீழ்க்காலும் சேரும் முட்டியை வெட்டாமல் முழுசாகக் கேட்டு வாங்குங்கள். மூட்டைச் சுற்றி வெள்ளையாக, கெட்டியாக ஒரு பை இருக்கும். அது மூட்டுறை. கத்தியால் லேசாகக் கீறினால் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி ஒரு வழுவழுப்பு விரலில் ஒட்டும். அதுதான் மூட்டு நீர். உறையின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய இளஞ்சிவப்புப் படலம்தான் அந்த நீரைச் சுரக்கிறது. இத்தனை பெரிய மனித முழங்காலில்கூட ஆரோக்கியமாக இருக்கும்போது நாலு மில்லிக்கும் குறைவாகவே மூட்டு நீர் இருக்கும், ஒரு டீஸ்பூன்கூட வராது. "நீர் கோத்திருக்கு" என்று ஊசி போட்டு எடுக்கிறார்களே, அது 30, 60 மில்லி என்று வரும்.

உறையை விலக்கினால் எலும்பு முனையில் நீலம் கலந்த வெள்ளையாக, கண்ணாடி மாதிரி வழுக்கும் ஒரு பூச்சு தெரியும். நகத்தால் அழுத்தினால் சற்றே அமுங்கி மீளும். அதுதான் குருத்தெலும்பு. மனிதனுக்கு முழங்கால் சிப்பியின் பின்பக்கம்தான் இது மிகத் தடிப்பு, சுமார் 5 மில்லிமீட்டர். அதில் முக்கால் பங்கு தண்ணீர், மீதி நார்ப்புரதமும் தண்ணீரைப் பிடித்துவைக்கும் புரதச் சர்க்கரைகளும். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவத்தில் இரண்டு ரப்பர் துண்டுகள் இருக்கும், அவை மெனிஸ்கஸ். மூட்டின் நட்டநடுவில் ஒன்றன் குறுக்கே ஒன்றாக இரண்டு நார்க்கயிறு போகிறதே, அவை சிலுவை லிகமென்டுகள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஆளுக்கு ஒரு லிகமென்ட். ஆட்டுக்கும் நமக்கும் இந்த அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றேதான்.

அம்மாவுக்குத் தேய்ந்திருப்பது அந்த வழுக்குப் பூச்சு. தம்பிக்குக் கிழிந்திருப்பது பெரும்பாலும் அந்தக் கயிறு, அல்லது அந்தப் பிறைத்துண்டு, சில சமயம் இரண்டும்.

குருத்தெலும்பில் ரத்தக்குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மூட்டு வியாதியில் பாதி விளங்கிவிடும். நரம்பு இல்லாததால் தேய ஆரம்பிக்கும்போது வலிக்காது. வலி வருவது அடியில் இருக்கும் எலும்பிலிருந்தும், சுற்றியிருக்கும் உறையிலிருந்தும், படலத்திலிருந்தும். அதனால் எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரிந்தும் நன்றாக நடப்பவர்கள் உண்டு, எக்ஸ்ரே சுமாராக இருந்தும் துடிப்பவர்கள் உண்டு. ரத்தக்குழாய் இல்லாததால் அதற்குச் சாப்பாடு மூட்டு நீர் வழியாகத்தான் போக வேண்டும். காலை ஊன்றும்போது பஞ்சைப் பிழிவதுபோல உள்ளிருக்கும் நீர் வெளியே வரும், எடுக்கும்போது மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். பிழிந்து பிழிந்து விடுவதுதான் அதற்குப் போடும் சோறு. மூட்டை ஆட்டாமல் மாதக்கணக்கில் வைத்தால் பூச்சு மெலிகிறது. "வலிக்குது, நடக்காதே, உக்காரு" என்று வீட்டில் எல்லோரும் பாசத்தோடு சொல்லும் வைத்தியம் கெடுதலில் முடிவது இதனால்தான். மூட்டில் எண்ணெய் வற்றிவிட்டது என்று சொல்கிறார்களே, அப்படி வற்றுவதற்கு அங்கே எண்ணெயே இல்லை. தேய்மானத்தில் நீர் வற்றுவதும் இல்லை. அளவு கூடத்தான் செய்யும், கெட்டித்தன்மை குறையும்.

எல்லா மூட்டும் இப்படிப்பட்டவை அல்ல. மண்டையோட்டின் பொருத்துகள் அசையவே அசையாது. முதுகெலும்புத் துண்டுகளுக்கு நடுவே டிஸ்க் அட்டை போட்டு ஒட்டியது மாதிரி, கொஞ்சம் நெளியும். உறையும் நீரும் உள்ளவைதான் நாம் மூட்டு என்று சாதாரணமாகச் சொல்பவை. அவற்றிலும் ஆளுக்கொரு குணம். இடுப்பு மூட்டு ஆழமான கிண்ணத்தில் உட்கார்ந்த பந்து, சுலபத்தில் நழுவாது. தோள்பட்டை, தட்டில் வைத்த பந்து. கையை 180 டிகிரி தூக்கலாம், விலையாக அடிக்கடி நழுவும். அந்த 180-லும் சுமார் 120 டிகிரிதான் தோள் மூட்டு தருவது, மீதி 60 டிகிரியை முதுகுப் பக்கமிருக்கும் தோள்பட்டை எலும்பு நகர்ந்து கொடுக்கிறது. கதவுக் கீல் மாதிரியானது முழங்கை. கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே உள்ளது முளையில் சுழலும் மூட்டு, தலையை இடவலம் திருப்புவதில் பாதி அங்கேதான் நடக்கிறது. கட்டைவிரலின் அடி மூட்டு குதிரைச் சேணம் மாதிரி. கேரம் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவதற்கும் மீனைப் பிடித்து ஆய்வதற்கும் அந்த மூட்டு வேண்டும்.

முழங்காலையும் கீல் என்றுதான் சொல்வார்கள், அது முழு உண்மையில்லை. 140 டிகிரி வரை மடங்கும், குத்துக்கால் போட்டால் 150-ஐத் தாண்டும், மடங்கிய நிலையில் கொஞ்சம் திரும்பவும் செய்யும். நீட்டும்போது கடைசி 20, 30 டிகிரியில் கீழ்க்கால் சற்று வெளிப்பக்கம் திரும்பிப் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டு இருப்பதால்தான் மணிக்கணக்கில் நின்றாலும் தொடைத் தசை சோர்ந்துவிடாது. பாதம் தரையில் பதிந்திருக்க உடம்பு மட்டும் திரும்பினால் முழங்கால் தாங்காது. பந்தாட்டத்தில் நடப்பது அதுதான். பெரும்பாலும் யாரும் வந்து இடிக்கக்கூடத் தேவையில்லை.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நெட்டி முறிக்கும்போது வருவது மூட்டு நீரில் கரைந்திருக்கும் வாயு குமிழாகும் சத்தம், அதே விரலில் மறுபடி சொடுக்க இருபது நிமிடம்போல ஆகும். அமெரிக்க மருத்துவர் டொனால்டு அங்கர் 60 வருடத்துக்கு மேல் ஒரு கையில் மட்டும் நெட்டி முறித்து, மற்றதை விட்டுவைத்துப் பார்த்தார். எந்தக் கையிலும் மூட்டுவாதம் வரவில்லை. 2009-இல் அதற்கு வேடிக்கை நோபல் எனப்படும் இக் நோபல் கொடுத்தார்கள். வலியும் வீக்கமும் இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால் கவலை வேண்டாம். அம்மாவுக்கு வரும் நறநறப்பு வேறு. பூச்சு சொரசொரப்பான பிறகு வருவது. உள்ளங்கையைச் சிப்பிமேல் வைத்து மடக்கச் சொன்னால் மணல் அரைபடுவது மாதிரி கையில் தெரியும்.

அம்மாவுக்குத் தேய்மானம்தானா என்று எக்ஸ்ரேயைவிட முன்னால் சொல்லிவிடக்கூடியது கடிகாரம். எந்த நேரத்தில் வலிக்கிறது என்று கேட்டால் மூட்டு வியாதியில் பெரும்பாலும் பாதை தெரிந்துவிடும்.

காலையில் எழுந்ததும் மூட்டு விறைப்பு, ஆனால் பாத்ரூம் போய்வருவதற்குள், அரை மணிக்குள் தளர்ந்துவிடுகிறது. நாள் போகப் போக, வேலை ஏற ஏற வலி கூடுகிறது. உட்கார்ந்து எழும்போது முதல் நாலு அடி நொண்டுகிறது. இது தேய்மானம்.

காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறது, இரண்டு கையிலும் விரல்களின் அடி மூட்டும் நடு மூட்டும் ஒரே மாதிரி வீங்குகின்றன, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, வேலை செய்யச் செய்யத்தான் கொஞ்சம் தேவலை. இது முடக்குவாதம், பழைய பேர் சரவாங்கி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுப் படலத்தைத் தாக்குகிறது. பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். நகத்தை ஒட்டிய கடைசி மூட்டை இது சாதாரணமாக விட்டுவிடும். அங்கே முண்டு முண்டாக இருந்தால் தேய்மானம் என்று நினைக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை கட்டாயம் சொல்ல வேண்டும். முடக்குவாதத்துக்கு முதல் மருந்து மெத்தோட்ரெக்சேட். அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினசரி மாத்திரை என்று நினைத்து ஏழு நாளும் விழுங்கினால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்து. காலண்டரில் அந்தக் கிழமையை வட்டம் போட்டு வையுங்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் கூட எழுதியிருப்பார்கள், அதை வேறு நாளில் போடச் சொல்வது வழக்கம். ரத்த அணுவையும் கல்லீரலையும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் பரிசோதிக்க வேண்டும். கர்ப்பமாகத் திட்டமிடுபவர்கள் இதைத் தொடவே கூடாது.

நடுராத்திரி, ஒரே ஒரு மூட்டு, அதிலும் கால் பெருவிரலின் அடி, தீயில் வைத்த மாதிரி. போர்வை பட்டாலே அலறல். இது யூரிக் அமிலம் படிகமாகி வருவது, கவுட் என்பார்கள். 100 மில்லி ரத்தத்தில் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அது கரைந்தே இருக்க முடியாது, ஊசி ஊசியாகப் படியும். வலி உச்சத்தில் இருக்கும்போது பரிசோதித்தால் அளவு சரியாகவே காட்டலாம், அதை நம்பிக் கவுட் இல்லை என்று விட்டுவிடக் கூடாது. இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மருந்து கொடுத்து 6-க்குக் கீழே நிறுத்துவதுதான் இலக்கு. காசிமேட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு சங்கடம். நெத்திலி, மத்தி, ஈரல், குடல் எல்லாம் பியூரின் அதிகமுள்ளவை, உடம்பில் யூரிக் அமிலமாக மாறுவது அந்தப் பியூரின்தான். மீனையே நிறுத்து என்று சொல்லத் தேவையில்லை. நெத்திலி, மத்தியை மட்டும் குறைத்துக்கொண்டு மற்ற மீனை அளவாகச் சாப்பிடலாம். மீனைவிடப் பெரிய குற்றவாளி பீர்.

ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை, பின்னால் கை போய் ரவிக்கைக் கொக்கி மாட்ட வரவில்லை, தலை பின்ன முடியவில்லை: தோள் மூட்டு இறுகிப்போவது, ஃப்ரோசன் ஷோல்டர். 40-லிருந்து 60 வயதுக்குள், அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு. முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். முதலில் போவது அந்த அசைவுதான். ஒன்று முதல் மூன்று வருடம் எடுத்துத் தானாகவும் பெரும்பாலும் சரியாகும். பொறுமை வேண்டும்.

40 வயதுக்குள் இருக்கும் பையன், முதுகும் பிட்டமும் பின்னிரவில் வலித்து எழுப்பிவிடுகிறது, எழுந்து நடந்தால் குறைகிறது, படுத்தால் கூடுகிறது என்றால், முதுகெலும்பு மூட்டுகள் அழற்சியால் இறுகிப்போகும் ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸைச் சந்தேகப்பட வேண்டும். லோடு தூக்கினதால் டிஸ்க் என்று வருடக்கணக்கில் பெல்ட் போட்டுத் திரிபவர்களில் இவர்களும் சிலர் உண்டு.

காய்ச்சல் வந்து போன பிறகு எல்லா மூட்டும் பிடித்துக்கொண்டதா? 2006-இல் தமிழ்நாட்டை உலுக்கிய சிக்குன்குனியாவை வடசென்னையில் மறந்தவர்கள் குறைவு. அந்த வலி மாதக்கணக்கில் நிற்கும். காய்ச்சல் இருக்கும்போது டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும்தான். ப்ரூஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் கூடாது, ரத்தக்கசிவு கூடும்.

சரி, அம்மாவுக்கு வருவோம். எக்ஸ்ரே படுக்க வைத்து எடுத்ததா, நிற்க வைத்து எடுத்ததா என்று பாருங்கள். எடை ஏறாமல் எடுத்த படத்தில் இடைவெளி பொய்யாக அகலமாகத் தெரியும். இரண்டு முழங்காலும் நின்ற நிலையில் நேர்ப்படமும், பக்கவாட்டுப் படமும் வேண்டும். இடைவெளி, பக்கத்தில் முளைத்த எலும்பு முள் இவற்றைப் பார்த்து 0-விலிருந்து 4 வரை கிரேடு போடுவார்கள். நம் பெண்களுக்கு உள்பக்கம்தான் முதலில் குறுகும், அதனால்தான் போகப் போகக் கால் வில்லாக வளைகிறது. எம்ஆர்ஐ எடுத்துச் செலவழிக்க வேண்டியதில்லை.

சும்மா நடக்கும்போதே முழங்காலில் உடம்பு எடையின் இரண்டு மூன்று மடங்கு இறங்குகிறது. 78 கிலோவுக்கு ஏறத்தாழ 200 கிலோ. மாடிப்படியில் இன்னும் அதிகம், குத்துக்கால் போட்டு எழும்போது சிப்பிக்குப் பின்னால் பல மடங்கு. எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மேல் நாலு கிலோ குறைகிறது. அம்மா 78-லிருந்து 72-க்கு வந்தால் அடிக்கு 24 கிலோ. எந்த மாத்திரையும் தராத லாபம் அது. 60 கிலோவாக வேண்டியதில்லை. ஐந்து, ஆறு கிலோவே வலியில் தெரியும்.

அடுத்தது உட்காரும் முறை. விடியற்காலை ஏலத்திலிருந்து மதியம் வரை சாண் உயரப் பலகையில், முட்டி மார்பைத் தொடும்படி உட்கார்ந்து அரிவாள்மனையில் மீன் வெட்டுவதுதான் இந்த மூட்டை அரைக்கிற வேலை. முழங்கால் உயரத்துக்கு, 45 சென்டிமீட்டர் போல ஒரு ஸ்டூல், எதிரே மேடையில் பலகையும் கத்தியும் என்று மாற்ற முடியுமா பாருங்கள். அரிவாள்மனை பழகிய கைக்கு ஒரு மாதம் எரிச்சலாகத்தான் இருக்கும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு அடி நடக்கட்டும். வீட்டில் இந்தியன் டாய்லெட் என்றால் மேலே வைக்கும் நாற்காலி கிடைக்கிறது. லிஃப்ட் இல்லாத ஹவுசிங் போர்டு வீடு என்றால், ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கைத்தடி பிடித்தால் வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில். உயரம், கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் அளவு. பலர் வலிக்கும் பக்கமே பிடிப்பார்கள், அதில் பலன் பாதிதான்.

உடற்பயிற்சி என்றால் யோகா வகுப்பெல்லாம் வேண்டாம், தொடையின் முன்தசைதான் குறி. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, துண்டை நசுக்குவதுபோலக் கீழே அழுத்த வேண்டும். சிப்பி மேல்நோக்கி இழுபடுவது கண்ணுக்குத் தெரியும். பத்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். ஒரு காலுக்கு பத்து தடவை, நாளுக்கு மூன்று வேளை. மூச்சைப் பிடிக்கக் கூடாது. பிரஷர் இருப்பவர்களுக்கு அது ஏறும். ஒரு வாரத்தில் அது சுலபமானதும் படுத்துக்கொண்டு ஒரு காலை மடக்கி வைத்து, மற்றக் காலை நேராக ஒரு சாண் தூக்கி ஐந்து எண்ணி இறக்க வேண்டும். பிறகு நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, பத்து தடவை. செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம். மறுநாள் காலையில் முந்தைய நாளைவிட வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். பலன் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். மூன்றாம் நாளில் "ஒண்ணும் கேக்கல" என்று விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடப்பது.

மருந்தில் முதலில் டைக்ளோஃபினாக் ஜெல்லைப் பூசிப் பார்க்கலாம், நாளுக்கு மூன்று நாலு முறை. முழங்கால் தோலுக்கு அருகிலேயே இருப்பதால் வேலை செய்யும். மெடிக்கல் ஷாப்பில் "முட்டி வலிக்கு ஒரு செட்" என்று உறை பிரித்துக் கொடுக்கும் மாத்திரைகளில்தான் ஆபத்து. வலி மாத்திரை வயிற்றில் புண் போடும், பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். லோசார்டன் மாதிரி ஒரு பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, இவற்றோடு வலி மாத்திரை என்று மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மும்முனைத் தாக்குதல். கால்சியம் எலும்புக்கு, குருத்தெலும்பு அதனால் வளராது. எலும்புத் தேய்மானம், மூட்டுத் தேய்மானம் என்று சொல் ஒட்டியிருப்பதால் வந்த மயக்கம் அது. குளுக்கோசமைன் விலைக்கேற்ற பலன் தந்ததாக நல்ல ஆதாரம் இல்லை. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் ஆசுவாசம் தரும், கல்யாணம் காட்சிக்கு உதவும். அடிக்கடி போட்டால் பூச்சே மெலியும். சர்க்கரை இருந்தால் ஊசிக்குப் பிறகு சில நாள் அளவு ஏறும்.

மூட்டு மாற்று அறுவையை எக்ஸ்ரே பார்த்து முடிவு செய்வதில்லை. ராத்திரி தூக்கம் போகிறதா, தெருமுனை வரை நடக்க முடியாமல் ஆகிவிட்டதா, மேலே சொன்னதெல்லாம் ஒழுங்காகச் செய்தும் மாதக்கணக்கில் பயனில்லையா என்று பார்த்துச் செய்வது. இன்றைக்குப் பொருத்தும் முழு முழங்கால் மூட்டுகளில் பத்துக்கு எட்டு 25 வருடம் தாங்குகின்றன. 54 வயதில் அவசரப்படாமல் இருப்பதும் அந்தக் கணக்கினால்தான்.

இனி தம்பி. அவனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். திருகியபோது "டப்" என்று உள்ளே சத்தம் கேட்டதா? வீக்கம் எத்தனை மணி நேரத்தில் வந்தது? இப்போது திரும்பும்போது முட்டி நழுவுகிறதா, அல்லது பாதியில் பூட்டிக்கொண்டு நீள மறுக்கிறதா? சத்தமும், இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் பந்து மாதிரி வீக்கமும் என்றால் உள்ளே ரத்தம். பெரும்பாலும் முன் சிலுவை லிகமென்ட். வீக்கம் மறுநாள் மெல்ல வந்தது, குறிப்பிட்ட ஒரு கோணத்தில் சிக்குகிறது என்றால் மெனிஸ்கஸ். முழங்கால் முழுசாக நீளவே மாட்டேன் என்று பூட்டியிருந்தால் காத்திருக்காதீர்கள், கிழிந்த துண்டு நடுவில் மடிந்து கிடக்கிறது. தைக்க முடிகிற காலம் குறைவு. எம்ஆர்ஐ இங்கேதான் வேண்டும்.

முதல் இரண்டு மூன்று நாள் ஐஸ். காசிமேட்டில் ஐஸுக்குப் பஞ்சமில்லை, மீனுக்குப் போடும் உடைத்த ஐஸே போதும். பிளாஸ்டிக் பையில் போட்டு, ஈரத்துண்டைச் சுற்றி, 15 முதல் 20 நிமிடம், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை. வெறும் தோலில் வைத்தால் தோல் வெந்த மாதிரி ஆகிவிடும். கிரேப் பேண்டேஜ், காலை இதயத்துக்கு மேலே தூக்கி வைப்பது, அவ்வளவுதான். வெந்நீர் ஒத்தடம், உருவி விடுவது, சாராயம் போட்டுத் தேய்ப்பது எல்லாம் அந்த மூன்று நாளில் ரத்தக் கசிவைக் கூட்டும்.

முன் சிலுவை லிகமென்ட் முழுசாக அறுந்தால் தானாக ஒட்டுவது அரிது. மூட்டுக்கு வெளியே உள்ள லிகமென்ட் என்றால் ரத்தம் கட்டி நின்று வடுவாகி ஒட்டும்; உள்ளே மூட்டு நீர் அந்தக் கட்டியைக் கரைத்துவிடுகிறது. உட்கார்ந்த வேலை, நேர் நடை என்றால் தசையை வலுவாக்கி அறுவை இல்லாமலே பலர் ஓட்டுகிறார்கள். பந்தாட்டம் தொடர வேண்டும், முட்டி நழுவுகிறது என்றால் தொடையின் பின்பக்கத் தசைநாணையோ சிப்பிக்குக் கீழுள்ள நாணில் ஒரு கீற்றையோ எடுத்துப் புதுக் கயிறு போடுவார்கள். அடிபட்ட வாரமே அவசரமாகச் செய்வதில்லை. வீக்கம் வற்றி, கால் முழுசாக நீண்டு, தொடைத் தசை உயிர் பெற்ற பிறகு, சில வாரம் கழித்து. நாலாவது மாதம் ஓடினால் வலிக்காது, அதுதான் பொறி. பொருத்திய நாண் உள்ளே இன்னும் முதிராமல் இருக்கும். ஒன்பது மாதத்துக்கு முன் ஆட்டத்துக்குத் திரும்பினால் மறுபடி அறுவதற்கு வாய்ப்பு மிக அதிகம். ஒற்றைக் காலில் குதித்துத் தாண்டும் தூரம் நல்ல காலின் தூரத்தில் பத்தில் ஒன்பது பங்காவது வருகிறதா என்று அளந்து பாருங்கள்.

குடும்ப வியாதியா என்று கேட்டிருந்தீர்கள். தேய்மானத்தில் பரம்பரைக்கு ஓரளவு பங்கு உண்டு. லிகமென்ட் அறுவது ஆட்டத்தின் விபத்து. ஆனால் இரண்டுக்கும் ஒரு பாலம் இருக்கிறது: முன் சிலுவை லிகமென்டோ மெனிஸ்கஸோ போன முழங்காலில் பத்து, இருபது வருடத்தில் தேய்மானம் வருவது சாதாரணம், அறுவை செய்தாலும்கூட. 54 வயதில் அம்மாவுக்கு வந்தது அவனுக்கு 38-இல் வரலாம். அம்மா செய்யும் துண்டு அழுத்தும் பயிற்சியை அவனும் செய்ய வேண்டியது அதனால்தான்.

எண்ணெய்க்கும் கட்டுக்கும் வருகிறேன். அம்மாவின் பழைய வலிக்கு வெதுவெதுப்பான எண்ணெய் தடவி இதமாகத் தேய்ப்பதில் தப்பில்லை. எண்ணெய் மூட்டுக்குள் போவதில்லை, சூடும் தொடுதலும் சுகம் தருகின்றன. புது அடியில் கூடாது. முக்கியமாகக் குழந்தைகளின் முழங்கை: விழுந்து வீங்கிய முழங்கையை உருவி விட்டால் தசைக்குள்ளேயே எலும்பு முளைத்து, கை மடங்காமல் நின்றுவிடும். எலும்பு வார்டில் வேலை செய்தவர்களைக் கேட்டால் இதைப் பற்றிப் புலம்புவார்கள்.

ஆந்திரப் புத்தூரின் பெயரில் போடும் கட்டு எளிய விரிசல்களில் பலருக்குச் சரியாகிவிடுவது உண்மை. அந்த விரிசல்கள் அசையாமல் வைத்தாலே கூடிவிடும் வகை. மூட்டுக்குள் போன முறிவும் அறுந்த லிகமென்டும் அந்தக் கணக்கில் வராது. யார் போட்ட கட்டாக இருந்தாலும், மருத்துவமனை மாவுக்கட்டாகவே இருந்தாலும், விரல் நுனியைப் பாருங்கள். வலி குறையாமல் ஏறுகிறது, விரலைப் பிடித்து நீட்டினால் உயிர் போகிறது, மரத்துப்போகிறது, வெளுக்கிறது என்றால் கட்டை உடனே பிரிக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் தசை சாக ஆரம்பித்துவிடும். விடிந்ததும் போகலாம் என்று கிடந்தால் கை போய்விடும்.

கணுக்கால் சுளுக்குக்கு எக்ஸ்ரே வேண்டுமா என்பதற்கு ஒரு எளிய கணக்கு: அடிபட்ட உடனேயும் இப்போதும் நாலு அடி வைக்க முடிகிறதா, கணுக்கால் முண்டின் பின்விளிம்பில் கீழிருந்து ஆறு சென்டிமீட்டருக்குள் எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா. நாலு அடி வைக்க முடியவில்லை அல்லது எலும்பு வலிக்கிறது என்றால் எடுங்கள். பாதத்தின் நடுவில், சுண்டுவிரல் பக்க விளிம்பில் வலித்தாலும் எடுங்கள்.

ஒரே மூட்டு சூடாக வீங்கி, காய்ச்சலும் குளிரும் சேர்ந்து, அசைக்கவே விடாமல் இருந்தால் அது சீழ் பிடித்த மூட்டாக இருக்கலாம். சில நாளிலேயே குருத்தெலும்பைத் தின்றுவிடும், அன்றே அவசரப் பிரிவு. இதற்கு நேர்மாறாக, வாரக்கணக்கில் மெல்ல வீங்கி, சாயங்காலக் காய்ச்சலும் எடை இறக்கமும் இருந்தால் மூட்டுக் காசநோயைச் சொல்லிக் கேளுங்கள். நெஞ்சில் மட்டும்தான் டிபி வரும் என்பதில்லை.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் காட்டப் போவதாக இருந்தால் காலையிலேயே எலும்பு மூட்டு வெளிநோயாளர் பிரிவில் சீட்டு எடுங்கள். அம்மா முழங்காலுக்கு மேல் சுலபமாக ஏற்றக்கூடிய உடுப்பில் வரட்டும். இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், பழைய எக்ஸ்ரே ஃபிலிம்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும். தம்பிக்கு அடிபட்ட தேதி, வீக்கம் வந்த நேரம், டப் சத்தம் கேட்டதா இல்லையா என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "ஜவ்வு" என்று அங்கே யாராவது சொன்னால், எந்த ஜவ்வு என்று கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.